கலசத்தின் சூடு

இல்லை, அந்தச் சத்தம் சமையலறையில் சுண்டல் பாத்திரத்தின் மூடி. உள்ளே ஆவி முட்டினால் மூடி அப்படித்தான் மெல்லிசாக இழுக்கும். ஆனால் சுண்டலைத் தாளித்து இறக்கி நெடுநேரம் ஆகிவிட்டது, ஆறின பாத்திரம் இழுக்காது. அப்படியானால் மின்விசிறி. நிமிர்ந்து பார்க்கிறேன், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாடி வீட்டு மரகதம் அக்கா என்னவோ கேட்கிறார், ஆமாங்க என்கிறேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவருடைய நாத்தனார் சௌந்தரவல்லி சிரிக்கிறார், ஆகவே சிரிக்க வேண்டிய ஏதோ ஒன்றுக்குத்தான் ஆமாம் சொல்லியிருக்கிறேன். நானும் சிரிக்கிறேன். கொலு பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள், அப்படித்தான் பேச்சு. சௌந்தரவல்லியின் பையனுக்குப் பெண் பார்ப்பதை யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லாததாலேயே அது இந்தக் கூடத்தின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. அவர் கண் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. செட்டியார் பொம்மை, கல்யாண செட்டு, தசாவதாரம், அம்மன்கள். நாலு படிக்கு மேலே ஐந்தாவது படி, மற்றவற்றைவிட அகலமாக, வெள்ளை வேட்டி விரித்து, நடுவில் மாவிலையும் தேங்காயுமாகக் கலசம். அங்கே வந்து அவர் கண் நிற்கிறது. என் மூச்சும் நிற்கிறது. அந்த வேட்டிக்குக் கீழே ஒரு பலகை, பலகைக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் யாழினியின் பாம்பு. அந்தச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. விளக்கேற்றும்போதே எனக்குத் தெரியும்.

பெட்டியை வேறு எங்கே வைத்திருக்க முடியும் என்று இன்னமும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன், கேள்வி கேட்டால் தப்பு குறைந்துவிடும் என்பதுபோல. படுக்கையறைக்குள்தான் வருகிறவர்கள் கைப்பையை வைக்கப் போவார்கள். சமையலறையில் இடமில்லை. பால்கனியில் வெயில் நேரே விழும். நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், ஆசாரியிடம் சொல்லி யாழினி செய்வித்த மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, மேலே மூடி, மூடியின் நடுவில் கம்பிவலை. பழைய கொலுப்படியின் மேல்பலகை உளுத்துப்போயிருந்தது. டீப்பாயின் மேல் பெட்டியைத் தூக்கி வைத்தால் உயரம் சரியாக வந்தது. அவ்வளவு சரியாக வந்ததைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது. முன்கண்ணாடியை நாலு படிகள் மறைத்துக்கொண்டன. மூடிமேல் பலகை போட்டேன். இவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இதுக்கு மூச்சு விட வழி வேணுமே விசாலம், என்றார். பக்கத்தில் ஓட்டை இருக்கில்ல, என்றேன். பக்கத்து ஓட்டைகளை வேட்டி மூடும் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேட்டியைத் தரைவரை இழுத்து, ஊசி குத்தி, மடிப்புக் கலையாமல் விட்டேன். பிறகு செய்ததுதான் பெரிய புத்திசாலித்தனம். மூடுவதற்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீரை உள்ளே இருக்கிற தென்னைநார்த் தூளில் ஊற்றினேன், பிறகு இன்னொரு செம்பு. ஊருக்குப் போகும்போது துளசித்தொட்டியில் நிறைய ஊற்றிவிட்டுப் போவோமே, அந்த மாதிரி. விஜயதசமிவரை தாங்கட்டும் என்று. அன்றிலிருந்து இவர் சாயங்காலமானால் கோயிலுக்குப் போய்விடுகிறார். பெண்கள் வருகிற இடத்தில் நான் எதுக்கு என்கிறார். அதற்காகத்தான் போகிறார் என்று நானும் நம்பிக்கொள்கிறேன்.

சௌந்தரவல்லி கேட்கிறார், பொண்ணு எப்ப வருதுங்க. ஹைதராபாத்தில் பயிற்சிங்க, அடுத்த வாரம் வந்துரும், என்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்கிறேன், சம்பளத்தைச் சொல்லாமல் சொல்கிறேன், வீட்டு வேலை எல்லாம் தெரியுங்க என்கிறேன். சொல்லச் சொல்ல யாழினி ஒவ்வொரு துண்டாக உதிர்ந்து வேறு யாரோ ஒரு பெண் இந்தக் கூடத்தில் எழுந்து நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பாம்பு இல்லை. என் பெண், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அனுமதிக் காகிதமெல்லாம் முறையாக வாங்கி, ஆப்பிரிக்க வகைப் பாம்பு ஒன்றைக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இதுக்கு அம்புஜம்னு பேரு வச்சிருக்கேன், பெரிய வீட்டு அத்தை மாதிரி மெதுவா நடக்குது பாருங்க, என்றவள். கருப்பட்டி நிறத்தில் பொன் திட்டுத் திட்டாக அது கூடையில் சுருண்டிருந்தது. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் பேசினேன், ஆனால் பாம்போடு பழகவில்லை. அவள் கிளம்புகிற அன்றுதான் என்னைப் பெட்டி முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இந்த ஓரம் சூடு, அந்த ஓரம் குளிர்ச்சி, அதுக்கு எது வேணுமோ அங்க போய்ப் படுத்துக்கும். மேலே வெளிச்சம் தராத ஒரு பல்பு, சூடு மட்டும் தருவது, தானே அணைந்து தானே எரியும். உள்ளே ஒட்டின மீட்டரில் இரண்டு எண்கள், ஒன்று சூடு, ஒன்று ஈரம். ஈரம் அறுபது இருக்கணும்மா, ஐம்பதுக்குக் கீழே போனா தோல் சரியா உரியாது, எண்பதைத் தாண்டினா ஆபத்து. எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டினேன். ஈரம் நல்லதுன்னா நிறைய ஈரம் இன்னும் நல்லதுதானே கண்ணு, என்றுகூடக் கேட்டேன். அவள் சிரித்தாள். இட்லிப் பானைக்குள்ளயும்தான் ஈரம் இருக்கு, யாராவது உள்ள போய் உக்காருவாங்களாம்மா? காத்து கீழ் ஓட்டையில நுழைஞ்சு சூடாகி மேல வலை வழியாப் போகணும், போயிட்டே இருக்கணும், வலைமேல ஒரு துண்டுகூடப் போடக் கூடாது. துண்டுகூட என்றாள். நான் கலசத்தை வைத்திருக்கிறேன்.

சத்தம். இந்த முறை சந்தேகமே இல்லை. மூக்கடைத்த குழந்தை தூக்கத்தில் இழுக்கிற மாதிரி, ஒரு இழுப்பு, நுனியில் ஒரு சின்னக் கிளிக். மரகதம் அக்காவும் தலையைத் திருப்புகிறார். பல்லியாட்ட இருக்குது, என்கிறார். ஆமாங்க பல்லி, என்கிறேன், இன்றைக்கு நான் சொன்ன ஆமாங்க எல்லாம் ஒரே மூட்டையில் விழுகின்றன. பாம்புக்கு இருமத் தெரியாது என்று யாழினி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், சளி கட்டினால் துப்ப முடியாது, அது உள்ளேயே நின்று நுரையீரலை அடைக்கும். சாப்பிடுகிறபோது இதெல்லாம் பேசாதே என்று அதட்டினேன். அதட்டினதால்தானோ என்னவோ அந்த வாக்கியம் மட்டும் அப்படியே நிற்கிறது. இருமத் தெரியாது. இருமினால் யாராவது எழுந்து பார்ப்பார்கள். இவருக்கு இருமல் வந்தால் வெந்நீர் வைக்கிறேன், பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் கதவைத் தட்டிக் கற்பூரவல்லி கொடுக்கிறேன். கொலு வைத்த மூன்றாம் நாள் விளக்குத் திரி தேடிக் கீழே குனிந்தபோது படிச் சட்டத்தின் இடுக்கில் கண்ணாடி தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. குளியலறைக் கண்ணாடி மாதிரி, அதில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது, அல்லது அசைந்ததாக நான் நினைத்தேன். பனி என்று சொல்லிக்கொண்டேன். ஐப்பசி வரப்போகிறது, மழை நாள், பனி. திரியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எதைத் தேடியும் நான் குனியவில்லை.

போன் அடிக்கிறது. யாழினி இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள், முகம் தெரிகிற அழைப்பு. எடுக்காமல் விட்டிருக்கலாம். மரகதம் அக்கா, பொண்ணா, எடுங்க எடுங்க, நாங்களும் பாக்கறோம், என்று என் தோளோடு தோள் ஒட்டி வந்துவிடுகிறார். திரையில் யாழினி தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள், களைத்திருக்கிறாள், வந்தவர்களைப் பார்த்ததும் கை குவிக்கிறாள். சௌந்தரவல்லி சாப்பாடு எப்படி, தங்கியிருக்கிற இடம் எப்படி என்று கேட்கிறார், அவள் பணிவாகப் பதில் சொல்கிறாள், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, அவ்வளவு பணிவு. அந்த இடைவெளியில் அவள் கண் என்னைத் தேடுகிறது. மற்றவர்கள் எதிரில் அம்புஜம் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் முன்பே கெஞ்சியிருந்தேன், ஆகவே சொல்லவில்லை.

"அம்மா, இன்னைக்கு எவ்வளவு?"

"அறுபது," என்கிறேன்.

நேற்றும் அறுபது. முந்தாநாள் அறுபத்திரண்டு, ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகப்படுவாள் என்று யோசித்துக் கூட்டிச் சொன்னது. பொய்யில்கூட நான் கவனமாக இருந்திருக்கிறேன். அவள் முகம் தளர்கிறது. நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் எனக்கு இங்க தூக்கம் வருதும்மா, என்கிறாள், சின்னக் குரலில், எனக்கு மட்டும் என்று நினைத்து. மரகதம் அக்கா அதைக் கேட்டுவிட்டு, ரத்த அழுத்தங்களா உங்களுக்கு, என்கிறார். ஆமாங்க. போனை வைக்கிறேன். திரை கறுத்ததும் அதில் என் முகம் தெரிகிறது, பெரிய பொட்டும் எண்ணெய் வழிகிற கன்னமுமாக, எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு அம்மாவின் முகம். திரையைக் கவிழ்த்து வைக்கிறேன்.

பாட ஆரம்பித்துவிட்டார்கள். மரகதம் அக்கா எடுத்துக்கொடுக்க சௌந்தரவல்லி பாடுகிறார், நல்ல குரல், நின்று நிதானமாகப் பாடுகிற குரல், இப்போதைக்கு முடியாது. பாட்டு இருக்கிறவரை சத்தம் கேட்காது. அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, ஆறுதலாக இருப்பதைப் பார்த்து அருவருப்பாகவும் இருக்கிறது. இவர்கள் போனதும் திறந்துவிடலாம். போவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆனால் திறக்கக் கலசத்தை எடுக்க வேண்டும், வைத்த கலசத்தை நடுவில் அசைக்கக் கூடாது, அசைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று இந்த வீட்டுக்கு வந்த வருஷம் மாமியார் சொன்னது. அசைக்காமல் பின்பக்கம் ஓட்டை போடலாம், இவரிடம் துளைக்கிற கருவி இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருப்பது பயந்துவிடும். பயப்படுமே என்று எனக்குக் கவலை வருகிறது, இப்போது, இன்றைக்கு. ஆடி மாசம் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தேன், மஞ்சள் தூவி, முட்டை வைத்து, வரிசையில் நின்று. அந்தப் புற்றில் பாம்பு இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லை. அதோ நாலாவது படியில் அம்மன் தலைக்குமேல் நாகம் ஐந்து தலை விரித்து நிற்கிறது, போன வாரம் அதற்கு நானே பித்தளைப் பளபளப்புக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிற ஒன்றை மட்டும் ஊசி குத்திய வேட்டிக்குள் வைத்திருக்கிறேன். யாரிடமிருந்து மறைக்கிறேன்? மரகதம் அக்கா நாளைக்கு மொட்டைமாடியில் என்ன சொல்வார் என்பதிலிருந்து. அந்த வீட்டுப் பொண்ணு பாம்பு வளக்குதாம். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்காக. இல்லை, ஒரு கல்யாணத்துக்காக. இல்லை, அதுவும் இல்லை, யாழினி கல்யாணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எண்தான் கேட்டாள். தினமும் ஒரு எண்.

பாட்டு முடிந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. சௌந்தரவல்லி எழுந்து கொலுவின் பக்கவாட்டில் நின்று, கையில் கொண்டுவந்த ஒரு முழம் மல்லிகையைக் கலசத்துக்குச் சாத்தலாங்களா என்று கேட்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. எட்டிச் சாத்துகிறார். கை கலசத்தின் வயிற்றில் படுகிறது. எடுக்கிறார். மறுபடி வைக்கிறார், இந்த முறை இரண்டு கையும். அவர் முகம் மாறுகிறது, கண் நிறைந்துவிடுகிறது, நாடகமில்லை, நிஜமாகவே.

"மரகதம், இங்க வந்து தொட்டுப் பாரு. சுடுது. அம்பாள் உக்காந்திருக்கா."

மரகதம் அக்கா தொடுகிறார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். விளக்கு அங்க இல்லை, ஊதுபத்திகூட அங்க இல்லையே, என்கிறார். என் பக்கம் திரும்புகிறார், என்னை அப்படி அவர் பார்த்ததே இல்லை, குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் விடுகிற நேரம் பற்றிச் சண்டை போட்டவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன விரதங்க இருந்தீங்க, என்கிறார். சௌந்தரவல்லி இந்த மாதிரி வீட்டில் சம்பந்தம் கிடைக்கணும் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறார். நாளைக்கு இரண்டு பிளாக் பெண்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார் அக்கா, தசமிக்கு அப்புறமும் இதை எடுக்கவே கூடாதுங்க விசாலாட்சி, இப்படியே இருக்கட்டும். இப்படியே. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கிடைத்துவிட்டது, நான் என்ன என்னவெல்லாம் கேட்டேனோ அதற்கு மேலேயே. ஆமாங்க என்று சொன்னால் போதும். நாக்கு அதற்குப் பழகியும்விட்டது. பாட்டு இல்லாத அந்த அமைதியில், அவர்கள் இரண்டு பேரும் கை குவித்து நிற்கிறார்கள், வேட்டிக்குக் கீழிருந்து அது இழுக்கிறது, நீளமாக, நடுவில் அறுந்து, மறுபடி தொடங்கி. அவர்கள் கும்பிடுவது அந்த மூச்சைத்தான். அது மூச்சில்லை, மூச்சு முட்டுகிற சத்தம்.

"அது அம்பாள் இல்லைங்க," என்கிறேன். "பல்பு."

புரியாமல் பார்க்கிறார்கள். நான் சுவர்ப்பக்கமாகச் சுற்றிப்போய் இரண்டு கையாலும் கலசத்தைத் தூக்குகிறேன். மாவிலை முகத்தில் உரசுகிறது. மரகதம் அக்கா ஐயோ என்று ஒரு அடி பின்னால் போகிறார். கலசத்தை எங்கே வைப்பது, தரையில் வைக்க முடியாது, எதிரில் நீண்டிருந்த கை சௌந்தரவல்லியுடையது, அதில் வைத்துவிடுகிறேன். அவர் வாங்கிக்கொள்கிறார், வாங்காமல் என்ன செய்வார். பக்கத்துப் பொம்மைகளை எடுத்து சோபாவில் கிடத்துகிறேன். சரஸ்வதியின் வீணை முனை உடைகிறது. ஊசிகளைப் பிடுங்கி வேட்டியை உருவுகிறேன், பலகையைச் சுவரில் சாய்க்கிறேன். மூடியைத் திறந்ததும் முகத்தில் அறைகிறது, சூடும் ஊறின நாரின் புளித்த வாடையும், ஊசிப்போன மாவை அடுப்பில் ஏற்றின மாதிரி. மூடியின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மீட்டரின் எண்ணை முதல் தடவையாகப் பார்க்கிறேன். உள்ளே அம்புஜம் குளிர்ந்த ஓரத்தின் மூலையில், உடம்பைத் தரையில் விட்டுக் கழுத்தை மட்டும் மேலே தூக்கி, மோவாயைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறது. மேலே, காற்று இருந்த இடத்தைப் பார்த்து. எத்தனை நேரமாக அப்படி நிற்கிறதோ. எத்தனை நாளாக என்பதுதான் சரி.

"பாம்பு," என்கிறார் மரகதம் அக்கா, மெதுவாக. "ஏனுங்க, இதுக்கு மேலயா எங்களைக் கும்பிட வச்சீங்க?"

ஆமாங்க என்கிறேன். இன்று சொன்னதில் இது ஒன்றுதான் சரியானது.

போனை எடுக்கிறேன். விரல் ஈரம், இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. யாழினி எடுத்ததும் என்னம்மா மறந்துட்டீங்களா என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்கிறேன், அறுபது இல்லை கண்ணு, தொண்ணூத்தாறு. நான் எந்த நாளும் பாக்கலை. மேல கொலு வச்சிட்டேன், வலையை மூடி. போனைப் பெட்டிப் பக்கம் திருப்புகிறேன், அவள் பார்க்கட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பிறகு அவள் குரல் வருகிறது, அலுவலகத்தில் பேசுகிற குரல் இப்படித்தான் இருக்குமோ என்னவோ, நான் கேட்டதில்லை. பல்பை அணைக்காதீங்க, இப்ப அதுக்குச் சூடு வேணும். ஈர நாரை முழுக்க அள்ளிடுங்க, பழைய பேப்பர் போடுங்க, காய்ஞ்சது. மூடி திறந்தே இருக்கட்டும், பக்கத்துல நில்லுங்க. டாக்டருக்கு நான் பேசறேன், அதைக் கொண்டுபோகப் பருத்தித் தலையணை உறை ஒண்ணு எடுத்து வைங்க. ஒவ்வொன்றுக்கும் சரி என்கிறேன். ஒரு வாக்கியத்திலும் அம்மா இல்லை. எப்போதும் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் சொல்கிறவள். நான் தேடுகிறேன், அதற்குத் தகுதி இல்லாவிட்டாலும் காது தேடுகிறது. பின்னால் சௌந்தரவல்லி, இதை எங்கங்க வைக்கட்டும் என்று கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை, என் கை நாருக்குள் இருக்கிறது, கொழகொழவென்று விரலிடுக்கில் வருகிறது, அள்ளி அள்ளித் தாம்பாளத்தில் போடுகிறேன், வெற்றிலையும் மஞ்சளும் வைத்திருந்த தாம்பாளத்தில்.

"மூக்குல நுரை இருக்கா? வாய் திறந்திருக்கா? பாத்துச் சொல்லுங்க."

இருக்காது கண்ணு என்று வாய் தானே தொடங்குகிறது. நிறுத்துகிறேன். குனிகிறேன். இவ்வளவு பக்கத்தில் நான் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணுக்கு இமை இல்லை. மூக்கில் ஒரு குமிழ் வருகிறது, பெரிதாகிறது, உடையாமல் நிற்கிறது. போனில் அவள் காத்திருக்கிறாள், அவள் மூச்சும் கேட்கிறது. நான் இன்னும் கொஞ்சம் குனிந்து, வாய் ஓரத்தை முழுசாகப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

"திறந்திருக்கு. நுரையும் இருக்கு."